எங்கள் வீட்டு டாக்டருக்கு ஊசி போடத் தெரியாது!

"ஐயரம்மா, ஐயரவாள் டாக்டர் ஆயிட்டாவளாம்லா? இந்த முட்டு வலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்களேன்!"

2023-ம் வருஷம் என் கணவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய மறுநாள் காலை. அடுப்பில் பால்கூடப் பொங்கவில்லை. அதற்குள் கிணற்றடி வீட்டு ஆச்சி வாசலில் வந்து நின்று கேட்ட கேள்வி இது.

"ஆச்சி, அவுக அந்த டாக்டர் இல்ல" என்றேன்.

"பின்ன எந்த டாக்டர்? பல் டாக்டரா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அன்று பகல் முழுவதும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. ஐந்து வருஷம் குடும்பத்தோடு பட்ட பாடு எந்த டாக்டருக்காக?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'ஐயர்' என்றதும் நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொள்ளப் போகிறீர்கள்! திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் சபைப் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பெயர் குருமனை. ஒரு பெரிய கோயில், அதைச் சுற்றி ஆறு கிளைச் சபைகள், எல்லாம் சேர்ந்தது ஒரு சேகரம். இந்தச் சேகரத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதிலிருந்து பெரியவர்களை அடக்கம் பண்ணுவது வரை, நடுவில் கல்யாணம், வீட்டுச் சண்டை, ஆஸ்பத்திரி, அசனப் பண்டிகைக்கு அரிசி கணக்கு எல்லாமே ஐயர் தலையில்தான். ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து போக வேண்டும்.

இப்படிப்பட்டவர் 2018-ல் ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாரே பார்க்கலாம்! அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது. மூத்தவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. "நம்ம மகள் படிக்க வேண்டிய நேரத்துல நீங்க படிக்கப் போறீகளாக்கும்?" என்றுதான் என் வாயில் வந்தது.

அது என்ன படிப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. நான் பிளஸ் டூவோடு நின்றவள். அவர் விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பி.எச்டி. என்பது பெரும்பாலும் கல்லூரியில் பாடம் நடத்த, ஆராய்ச்சி பண்ண விரும்புகிறவர்களுக்கு. இது 'டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி', சுருக்கமாக டி.மின். அமெரிக்காவில் 1960, 70-களில் வேர் பிடித்து, பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. ஏற்கெனவே இறையியல் பட்டம் வாங்கி, சில வருஷமாவது ஊழியம் செய்த அனுபவம் உள்ளவர்களுக்கான படிப்பு. வேலையை விட வேண்டாம். வருஷத்தில் சில வாரம் கல்லூரிக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டும். மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் தன் சொந்தச் சபையில் உள்ள ஒரு பிரச்னையை எடுத்து, அதை ஆராய்ந்து, அதற்கு ஏதாவது செய்து பார்த்து, பலன் என்ன என்று எழுத வேண்டும். செய்யாமல் எழுதினால் பட்டம் கிடையாது!

நம் நாட்டில் இந்தப் பட்டங்களுக்குப் பெரிய தாய்வீடு மேற்கு வங்காளத்துச் செராம்பூர். வில்லியம் கேரியும், மார்ஷ்மனும், வார்டும் 1818-ல் ஆரம்பித்த கல்லூரி. அந்த ஊர் அப்போது டென்மார்க் ராஜாவின் கையில் இருந்தது. பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை 1827-ல் அந்த ராஜாதான் வழங்கினார். இன்றைக்கும் பல மாநிலத்து இறையியல் கல்லூரிகள் செராம்பூரோடு இணைந்தவை.

பணம் கட்டினால் போதும், சால்வையும் தொப்பியும் போட்டு 'டாக்டர்' ஆக்கி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. ஒரு நாள் கூட்டம், ஒரு போட்டோ, மறுநாள் சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் டாக்டர்! எங்களுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. இவர் அந்தக் கடிதத்தை மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். அன்றைக்குத்தான் இவர் படிக்கப் போவதை மனசார ஒப்புக்கொண்டேன். ஃபிரிட்ஜ் வாங்கக் கட்டி வந்த சீட்டை எடுத்து முதல் வருஷக் கட்டணத்துக்குக் கொடுத்தேன்.

கஷ்டம் அதன் பிறகுதான் ஆரம்பம். இவர் பி.டி. படித்தது மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில். 1969-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் சிறப்பே தமிழில் இறையியல் கற்றுத் தருவதுதான். தமிழில் இவர் பிரசங்கம் பண்ணினால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். புதுப் படிப்போ முழுக்க முழுக்க ஆங்கிலம். ராத்திரி பத்து மணிக்குமேல் அகராதியும் கையுமாக உட்காருவார். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம். கண் எரிச்சல், தூக்கமின்மை, நடுராத்திரியில் பிஸ்கட், சர்க்கரை ஏறியது. கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன். ராத்திரிப் படிப்பு கிடையாது. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல். மூன்று மாதத்தில் சர்க்கரையும் இறங்கியது, ஆங்கிலமும் கொஞ்சம் வசப்பட்டது.

சபையில் முணுமுணுப்பு வேறு. "ஐயர் படிக்கப் போயிட்டா சேகரத்தை யார் பாக்கது?" என்றார் ஒருவர். "அடுத்து பிஷப் ஆகத்தான் இந்த ஏற்பாடு" என்றார் இன்னொருவர். இவர் வகுப்புக்காகப் பெங்களூர் போயிருந்த இரண்டு வாரத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று ஏறியது. ராத்திரியில் ஆட்டோ பிடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மறுநாள் போனில் இவர் "ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கேன்" என்றார். "நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் ஈரத்துணி போட்டுக்கிட்டு இருக்கேன்!" என்று வைத்துவிட்டேன். ஐயரம்மா அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். ஐயரம்மாவும் மனுஷிதானே!

இந்தப் படிப்பில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தெரிந்தது 2019-ல்.

நோயாளிகளையும் துக்கப்படுகிறவர்களையும் சந்தித்து ஆறுதல் சொல்வதற்கென்று ஒரு பாடம். அதில் 'வெர்பேட்டிம்' என்று ஒரு பயிற்சி. ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம் என்பதை ஞாபகத்திலிருந்து வரிக்கு வரி நாடகம் போல எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு, நாம் சரியாக நடந்துகொண்டோமா என்று மற்றவர்களோடு சேர்ந்து ஆராய வேண்டும். இப்படி ஆஸ்பத்திரியில் வைத்தே போதகர்களைப் பழக்கும் முறையை வளர்த்தவர்களில் ஒருவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். அவரே ஒரு காலத்தில் மனநோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். குணமாகி வந்தபின், 1925-ல் ஒரு மனநோய் மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, "புத்தகத்தைப் படிக்கிற மாதிரி மனுஷரையும் படியுங்கள்" என்ற முறையில் பழக்கினார்.

இவர் எழுதிய முதல் வெர்பேட்டிம் கிணற்றடி வீட்டு ஆச்சியைப் பற்றியது. மகன் பம்பாயில், மகள் சென்னையில், ஆச்சி தனிக்கட்டை. மொழிபெயர்க்கும் முன் தமிழில் எழுதியதை என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். நான் பலசரக்குக் கணக்குப் பார்க்கிறவள் அல்லவா? கை தன்னால் எண்ணத் தொடங்கியது.

"ஏங்க, இதுல நீங்க பேசுனது இருபத்து மூணு வரி. ஆச்சி பேசுனது நாலு வரி. அந்த நாலுல மூணு 'சரி ஐயா'."

அவர் முகம் சுருங்கிவிட்டது. தாளை வாங்கித் திரும்ப எண்ணிப் பார்த்தார். ஆச்சி "ராத்திரியில பயமா இருக்கு ஐயா" என்று சொன்ன இடத்தில் இவர், "கர்த்தர் துணையிருக்கார், கவலைப்படாதீங்க ஆச்சி" என்று சொல்லி, ஜெபம் பண்ணி, எழுந்து வந்திருக்கிறார். என்ன பயம் என்று ஆச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபது வருஷம் ஊழியம் செய்த மனுஷர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடி ஆச்சி வீட்டுக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதென்று ஆச்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார்களாம். ராத்திரி தலை சுற்றும், விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாதே என்றுதான் பயமாம். "இதை நான் கேக்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய படிப்பு அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று என்பேன்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் கோயிலைப் பூட்டினோம். திறந்தோம், 2021-ல் மறுபடி பூட்டினோம், மறுபடி திறந்தோம். வாலிபர்களும் பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் தனியாக வாழும் பெரியவர்களில் முப்பத்தொரு பேர் வரவேயில்லை. "கொரோனா பயம்" என்றார்கள் கமிட்டியில். "டி.வி.யில ஆராதனை பாத்துப் பழகிட்டாங்க, விசுவாசம் கொறஞ்சு போச்சு" என்றார்கள். இவர் அதையே தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். இவர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

வாரத்தில் இரண்டு நாளை அதற்கென்றே ஒதுக்கினார். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற போதகர் வாரத்தில் இரண்டு நாள் சபைக் குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சந்திப்பாராம். போதகர்களுக்காக 1656-ல் அவர் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் பாடமாகப் படிக்கிறார்கள்.

முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர் பெண்கள். இவர் போய்க் கேட்டால், "ஒண்ணுமில்ல ஐயா, முடியல" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அதனால் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருத்தியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நானும் போக ஆரம்பித்தேன். வெற்றிலை இடித்துக் கொடுத்தேன், கீரை ஆய்ந்தேன், தலை வாரிவிட்டேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ ஆச்சி என் காதோடு சொன்னார்கள்.

"ஐயரம்மா, இருமுனா, எந்திரிச்சா மூத்திரம் சொட்டிருது. ரெண்டு மணி நேரம் எப்படி உக்காருவேன்? கோயில்ல ஒதுங்க எடம் இல்லலா? முன்னெல்லாம் சனி ராத்திரியிலிருந்தே தண்ணி குடிக்காம வருவேன். இப்ப அதுக்கும் தெம்பில்ல."

அதே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் ஒன்பது பேர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குக் கண்ணில் புரை, படி ஏற முடியாத முட்டு, கூட்டிவர ஆளில்லை. டி.வி. போதும் என்றவர்கள் மூன்றே மூன்று பேர். நூறு வருஷத்துக்கு மேலான கோயில். கோபுரத்துக்கு வெள்ளையடிக்க ஒவ்வொரு வருஷமும் வசூல் நடக்கும். ஒரு கழிப்பறை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே! பெண்பிள்ளையான எனக்கே தோன்றவில்லையே!

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கேட்டதும் பேனாவை எடுத்துவிட்டார். "இதுதான் என் ஆராய்ச்சியோட உயிர்!" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"அவுக எங்கிட்ட சொன்னது ரகசியம். உங்க புஸ்தகத்துக்காகச் சொல்லல."

"பேரு போட மாட்டேன்."

"நம்ம சேகரத்துல 'எழுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர், மகன் பம்பாயில்'ன்னு எழுதுனா யாருன்னு தெரியாதா? அவுக தலைகுனிஞ்சு நீங்க டாக்டர் ஆகணுமா?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சண்டை வந்ததில்லை. இரண்டு நாள் பேச்சில்லை. பட்டமே போனாலும் சரி, நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூன்றாம் நாள் அவரே சமையல்கட்டுக்கு வந்தார். "நீ சொல்றதுதான் சரி. எங்களுக்கு அந்தப் பாடமும் உண்டு. சம்பந்தப்பட்டவங்க சம்மதமில்லாம எழுதக் கூடாது. அவசரத்துல மறந்துட்டேன். நீயே போய்க் கேளு. ஒருத்தர் மாட்டேன்னாலும் அவங்களைப் பத்தி ஒரு வரி இருக்காது" என்றார்.

ஒன்பது வீட்டுக்கும் போனேன். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்பதை எல்லாம் விவரமாகச் சொன்னேன். எட்டுப் பேர் சரி என்றார்கள். ஒருவர் மாட்டேன் என்றார், அவரை விட்டுவிட்டோம். ஊர், வயது, பிள்ளைகள் விவரம் எல்லாவற்றையும் எழுத்திலிருந்து எடுத்தோம். ஆச்சிதான் கடைசி. "எழுதிக்கிடுங்க. எம் பேரு மட்டும் வேண்டாம். ஆனா எழுதுனா மட்டும் போதாது ஐயரம்மா, கக்கூஸைக் கட்டுங்க!" என்றார்கள். இன்றைக்கு ஆச்சியைப் பற்றி இவ்வளவு எழுதுவதும், அவர்களிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கித்தான்.

கமிட்டியில் ஆம்பிளைகள் முன்னால் இதை எப்படிப் பேசுவது? இவர் காரணத்தை விலாவாரியாகச் சொல்லவில்லை. "நம்ம அம்மாமார் ஆராதனைக்கு வரணும்னா கழிப்பறை வேணும். இந்த வருஷம் கோபுரத்துக்கு வெள்ளை வேண்டாம்" என்றார். கொஞ்சம் சலசலப்பு இருந்தது. பொருளாளர், "எங்க அம்மாவும் இதனாலதான் வரலையோ?" என்று மெதுவாகக் கேட்டதும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். கோயிலின் பக்கவாசலை ஒட்டி, உட்கார்ந்து எழ வசதியான உயரமான பீங்கான், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, படிக்குப் பதில் சாய்தளம் எல்லாம் வைத்துக் கட்டினோம். பக்கவாசல் ஓரத்து நாற்காலிகள் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கினோம். இரண்டு இரண்டு பேராகப் பெண்கள் வாராவாரம் வீடு போய்ப் பார்த்துவர முறை வைத்தோம். மாத்திரை இருக்கிறதா, சாப்பிட்டார்களா, கூட்டிவர ஆள் இருக்கிறதா, இந்த மூன்றையும் கேட்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அரசாங்கம் 2021-ல் ஆரம்பித்திருந்தது. ஆச்சிமார் பெயர்களை அதில் சேர்த்தோம்.

பெண்கள் சங்கத்துக்கு ஒரு லேடி டாக்டரையும் அழைத்தோம். அவர் சொன்னதை இளம் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பிரசவத்தினாலும் வயதினாலும் அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்து போவதால் இப்படி ஆகலாம். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, கர்ப்பப்பை இறக்கம் இவையும் காரணமாகலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், பெரும்பாலும் குறைக்கக் கூடியதுதான். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. விடாமல் செய்தால் மூன்று மாதத்துக்குள் பலன் தெரியும். பிள்ளை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அப்போதிருந்தே பழகலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் தொற்றும் மலச்சிக்கலும்தான் வரும். எரிச்சலோ ரத்தமோ இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தோம். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் திரும்ப வந்திருந்தார்கள். இவருடைய ஆய்வேட்டில் இந்த வேலை நடந்த விதம் ஓர் அத்தியாயம். அதில் பாதி என் நாற்பது பக்க நோட்டிலிருந்து போனது. வாய்மொழித் தேர்வில், "இந்தப் பெண்கள் இதை ஒரு போதகரிடம் எப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டார்களாம். "எங்கிட்ட சொல்லலை. என் மனைவிகிட்ட சொன்னாங்க. அவளுக்குக் கேக்கத் தெரியும்" என்றாராம். ஃபிரிட்ஜ் இல்லாத குறை அன்றோடு தீர்ந்தது போங்கள்!

நடுவயதில் கணவரோ, ஏன், நீங்களேகூடவோ படிக்கப் போவதானால் என் அனுபவத்தில் சில வார்த்தை. எதற்காகப் படிக்கிறோம் என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தூக்கத்தைத் திருடிப் படிக்காதீர்கள். வாரத்தில் ஒரு நேரமாவது புத்தகம் திறக்காமல் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். எழுதியதை, படிக்காதவள் என்று ஒதுக்காமல், வீட்டில் உள்ளவளிடமும் வாசித்துக் காட்டுங்கள். அவள் வரியை எண்ணுவாள்!

பட்டம் வாங்கி வந்த அடுத்த ஞாயிறு. ஆச்சி பக்கவாசல் ஓரத்து நாற்காலியில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயரம்மா, டாக்டர் ஐயரவாள்ட்ட சொல்லுங்க. பிரசங்கம் ரொம்ப நீளம்!"

"அப்படியா ஆச்சி? முன்னாடியெல்லாம் நீங்க சொன்னதே இல்லையே?"

"முன்னாடி எங்க முழுசும் கேட்டேன்? இப்பதானே கடைசி வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றார்கள்.